மூக்குக்கு வந்த உப்பு

சேலத்திலும் நாமக்கல்லிலும் இப்போதெல்லாம் மூக்கடைப்பு என்று வாயெடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் உப்புநீரைச் சொல்லிவிடுகிறார். வெதுவெதுப்பான நீரில் உப்பைக் கரைத்து, மூக்குவைத்த குவளையால் ஒரு நாசியில் ஊற்றி மறு நாசி வழியாக வடியவிடுவது. யோகா வகுப்பில் இதற்கு ஜல நேத்தி என்று பெயர். காது மூக்கு தொண்டை மருத்துவர் உப்புநீரால் கழுவுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மருந்துக்கடையில் பிழிந்து பீய்ச்சும் பிளாஸ்டிக் குப்பியும் அளவிட்ட பொடிப் பொட்டலங்களும் கிடைக்கின்றன. சொல்பவர் மருத்துவராக இல்லாத பட்சத்தில், கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம் சேர்ந்துகொள்ளும்: நம் முன்னோர் காலங்காலமாகச் செய்துவந்ததுதானே இது. அந்த வாக்கியத்தைத்தான் நாம் இங்கே கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க விரும்புகிறோம்.

பொருள் இலக்கிய அந்தஸ்து உடையதல்ல என்பது நமக்குத் தெரியும். கவிகள் மூக்கின் வெளிப்புறத்துக்கு எள்ளுப்பூவை உவமை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். உட்புறத்தை வைத்தியர்களிடம் விட்டுவிட்டார்கள். வைத்தியர்களும் அதில் நீரை ஊற்றச் சொன்னார்களா என்பதே கேள்வி.

இந்தச் சமவெளியில் அக்கேள்வி வெறும் பழங்கதை ஆராய்ச்சியன்று. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டை வெட்டும் சுரங்கங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெண்தூசியை எழுப்பியிருக்கின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் விசைத்தறிகளின் பஞ்சு. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகளின் இறகுத்தூளும் தீவனத்தூளும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் இரும்புப் பொடியும் சாயமும். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள். ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போகும் அந்த வண்டிகளில் வேலை பார்ப்பவர்கள், பாறையை இடித்துக் காற்றழுத்தத்தால் மேலே எறியப்படும் பொடிக்கு நடுவில் நின்று பிழைக்கிறார்கள். மாலையில் இவர்கள் மூக்கைச் சிந்தினால் வருவது அன்றைக்குச் செய்த தொழிலின் நிறத்தில் இருக்கும். மூக்கைக் கழுவுவது எங்கிருந்து வந்தது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்ள இவர்களைவிடத் தேவை உடையவர் யார்?

முதலில் சித்த மருத்துவம். இங்கே மூக்குக்கென்று ஒரு முறை உண்டு. நசியம் என்று பெயர். மூலிகைச் சாற்றையோ தைலத்தையோ சில துளிகள் மூக்கில் விடுவது. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகாவிதி, வாந்திக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பேதிக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை என்று கணக்குச் சொல்லி, நசியத்துக்கு ஒன்றரை மாதம் என்று வரையறுக்கிறது. அதாவது வருடத்தில் எட்டு முறை. இதைத் தினசரிக் கழுவலோடு ஒப்பிடுவது பொருந்தாது. நசியம் மருந்தை உள்ளே அனுப்புவது. கழுவல் அழுக்கை வெளியேற்றுவது. முன்னதன் அளவு துளி, பின்னதன் அளவு குவளை. ஆயுர்வேதத்தின் நஸ்யமும் இவ்வகையே. சித்தர் மரபோடு இந்த மண்ணுக்கு உள்ள உறவு சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொல்லிமலைக் குகைகளும், அமாவாசைக்குக் கூட்டம் சேரும் கஞ்சமலைச் சித்தர் கோயிலும் இங்கேதான் இருக்கின்றன. ஆயினும் மலையில் சித்தர் இருந்தார் என்பதை வைத்து, அவர் தினமும் காலையில் உப்புநீரால் மூக்கைக் கழுவினார் என்று சொல்லிவிட முடியாது.

நாட்டு வழக்கமும் இதே பக்கம்தான் சாய்கிறது. தலைபாரத்துக்குத் தும்பைப்பூச் சாறு இரண்டு சொட்டு. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது. ஓமத்தைத் துணியில் முடிந்து முகர்வது. எல்லாமே ஆவி, மணம், பற்று, சொட்டு. நீரை மூக்குக்குள் விடுவதை நம் வீடுகள் விரும்பியதில்லை. காரணம் எளிது. கொங்குக் கிணறுகளில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய ஒவ்வொரு குழந்தைக்கும் மூக்கில் தண்ணீர் ஏறினால் உச்சந்தலை வரை சுரீரென்று பிடிக்கும் அந்த வலி தெரியும். அதை வேண்டுமென்றே செய்துகொள்ள யாருக்குத் தோன்றும்? புரையேறினால்கூட எங்கோ யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று ஒரு கதை சொல்லித்தான் அந்த எரிச்சலைத் தணித்துக்கொள்கிறோம்.

குழந்தைகளின் மூக்கு மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு அமுச்சி குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வாயால் ஊதிச் சளியை எடுத்துவிடுவார். அன்பில் குறையொன்றும் இல்லை. ஆனால் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் இருமல்கூட வராமல் நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்நோயைப் பற்றி 1973இலேயே பிரிட்டனின் மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளிவந்திருக்கிறது. வழக்கம் பழையது என்பதும் அது நல்லது என்பதும் இரு வேறு செய்திகள்.

அடுத்து யோகிகள். நேத்தி என்ற சொல் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையில் ஆறு சுத்திகரிப்புச் செயல்களில் ஒன்றாக வருகிறது. ஆனால் அங்கே நேத்தி என்பது நூல். ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான நூலை மூக்கில் நுழைத்து வாய் வழியாக இழுத்தெடுப்பது. நீர் இல்லை, குவளை இல்லை, உப்பும் இல்லை. பின்னால் வந்த கேரண்ட சங்கிதையும் நேத்திக்கு நூலையே சொல்கிறது. நீரை மூக்கால் இழுத்து வாயால் விடுவதையும், வாயால் இழுத்து மூக்கால் விடுவதையும் அந்நூல் கூறுவது மெய்தான். ஆனால் அவற்றை அது கபாலபாதியின் வகைகளாக வைக்கிறது. அங்கும் உப்பு கிடையாது. வெறும் நீரின் எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதும் அந்தப் பயிற்சியின் பகுதியாக இருந்திருக்கலாம். எப்படியாயினும் இவை குருவின் எதிரில் உட்கார்ந்து பழகும் துறவிகளுக்கானவை. பிள்ளைகுட்டிக்காரரின் குளியலறைக்காக எழுதப்பட்டவையல்ல. தமிழ்ப் பக்கம் வந்தால், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளோடு யோகத்தை விரிக்கிறது. மூச்சின் கணக்கை அவ்வளவு நுட்பமாகப் பேசுகிறது. இயமம் முதல் சமாதி வரையிலான அந்த எட்டில் மூக்கைக் கழுவுவது ஒன்றன்று.

அப்படியானால் இச்சமவெளியில் நாள்தோறும் மூக்குக்கு நீர் காட்டியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவர்களை நினைப்பதில்லை என்பதுதான் விசித்திரம். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் முஸ்லிம்கள், கை கழுவி வாய் கொப்பளித்த பிறகு மூன்று முறை மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துகிறார்கள். தூங்கி எழுந்ததும் மூக்கைச் சுத்தம் செய்யும்படி நபிமொழி இருக்கிறது. நோன்பு நாளில் மட்டும் நீரை ஆழமாக உறிஞ்ச வேண்டாம் என்ற நுட்பமான விலக்கும் இருக்கிறது. வயிற்றுக்கு நீர் போய்விடக் கூடாதல்லவா! சேலம் கோட்டைப் பகுதியிலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் பள்ளிவாசல் ஹவுல்களின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது இது. வீட்டில், தினமும், சாதாரண மனிதர்கள் மூக்கைக் கழுவிய வழக்கத்துக்கு இங்கே அறுபடாத தொடர்ச்சி என்று நாம் தயங்காமல் காட்டக்கூடியது இதைத்தான். இதிலும் உப்பு இல்லை. நீரும் மூக்கின் முன்பகுதி வரைதான் போகிறது.

உப்பு எங்கே வந்து சேர்ந்தது? இதற்குக் கொஞ்சம் தொலைவு போயாக வேண்டும்.

1847இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் என்ற உடலியல் அறிஞர் ஒரு சிறிய விஷயத்தைக் கவனித்தார். மனிதர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கையில் ஒரு நாசியில் நீரைச் செலுத்தினால், அது தொண்டைக்குள் இறங்காமல், மூக்கின் நடுத்தண்டுக்குப் பின்னால் திரும்பி, மறு நாசி வழியே வெளியே வருகிறது. அண்ணத்தின் மென்பகுதி எழுந்து பின்வாசலை அடைத்துக்கொள்வதுதான் காரணம். கனத்தின் வேறுபாட்டைக் கை எவ்வாறு உணர்கிறது என்ற ஆய்வுக்காகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற அதே வேபர்தான் இவர். இன்று யோகா ஆசிரியர் வாயைத் திறந்து வையுங்கள், வாயாலேயே மூச்சு விடுங்கள் என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ வேபரைத்தான் சொல்கிறார்.

இந்தக் கவனிப்பைக் கருவியாக்கியவர் லண்டனில் குடியேறிய ஜெர்மானிய மருத்துவர் துடிக்கம். மூளையின் வேதியியலுக்கு அடித்தளமிட்டவர் என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர். உயரத்தில் ஒரு பாத்திரம், அதிலிருந்து இறங்கும் ரப்பர்க் குழாய், அதன் முனையில் மூக்கில் பொருந்தும் ஒரு குமிழ். 1864இல் லான்செட் இதழில் இதை அவர் விவரித்தார். வெறும் நீர் மூக்கின் சவ்வை வதைக்கிறது, உப்பு கலந்தால் வதைப்பதில்லை என்பது இக்காலத்தில் மருத்துவர்களிடையே நிலைபெற்ற அறிவாயிற்று. கருவி வேகமாகப் பரவியது. அதே வேகத்தில் கெட்ட பெயரும் எடுத்தது. பாத்திரத்தை அதிக உயரத்தில் வைத்தால் நீர் காதுக்குச் செல்லும் குழலில் ஏறி நடுக்காதைச் சீழ்பிடிக்கச் செய்தது. காது மருத்துவர்கள் அலறினார்கள். இன்றும் குவளையைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும், கழுவி முடித்ததும் பலமாகச் சிந்தக் கூடாது என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் அந்தக் காதுவலிகள் இருக்கின்றன.

உப்பு ஏன் எரிச்சலைத் தணிக்கிறது? நம் உடலின் நீர் உப்புநீர். கண்ணீரைச் சுவைத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பில்லாத நீர் பட்டதும் சவ்வின் உயிரணுக்கள் அந்நீரை உள்ளிழுத்து வீங்குகின்றன. உப்பு மிகுந்தாலோ தம் நீரை இழந்து சுருங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே லிட்டருக்கு 9 கிராம் என்ற அளவில் இரு பக்கமும் சமநிலை. இந்த அளவு 1890களில் ஹாம்பர்கர் என்ற டச்சு அறிஞரின் ஆய்வுகளோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. அதற்குச் சற்று முன் லண்டனில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். உப்புநீரின் வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி அது. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் 1882இல், உப்புநீரில் வைத்த தவளையின் இதயம் தொடர்ந்து துடிக்கிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டே அதைத் திருத்த வேண்டிவந்தது. உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்நீரில் உப்பைக் கரைத்திருந்தார். இதயத்தைத் துடிக்கவைத்ததில் லண்டன் குழாய்நீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. நீர் என்று நாம் ஒற்றைச் சொல்லில் அழைப்பது ஒருபோதும் ஒற்றைப் பொருளாக இருந்ததில்லை. உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று மூன்றாகப் பிரித்துப் பேசும் சேலத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

யோகியின் மூக்கும் ஆய்வுக்கூடத்தின் உப்பும் சந்தித்தது இருபதாம் நூற்றாண்டில். லோனாவாலாவில் குவலயானந்தர் 1924இல் கைவல்யதாமத்தை நிறுவி, யோகச் செயல்களை எக்ஸ்ரே கருவியின் முன்னாலும் அளவுமானிகளின் முன்னாலும் நிறுத்தினார். பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவம் பார்த்து, ரிஷிகேசத்தில் துறவியான சிவானந்தர் ஹடயோகத்தைக் கையேட்டு மொழியில் எழுதிப் பரப்பினார். அவருடைய சீடர் சத்யானந்தர் 1960களில் பீகாரின் முங்கேரில் தொடங்கிய யோகப் பள்ளியின் நூல்களில்தான் இன்றைய ஜல நேத்தி முழு உருவில் நிற்கிறது. மூக்குவைத்த குவளை, உடல் சூட்டில் நீர், அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஹாம்பர்கரின் அளவு வந்துவிடும். இதில் குறை காண ஒன்றுமில்லை. நூலை வைத்திருந்த மரபு நீரையும் உப்பையும் வாங்கிக்கொண்டது, நல்ல காரியம். வாங்கியதை மறந்துவிட்டு எல்லாம் எங்களிடம் ஆதியிலிருந்தே இருந்தது என்பதில்தான் நமக்கு மனத்தாங்கல். அமெரிக்காவில் 2007இல் ஓப்ரா வின்ஃபிரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தக் குவளை காட்டப்பட்டதும் அங்கே விற்பனை எகிறியது. அங்கிருந்து பண்டை இந்திய ரகசியம் என்ற முத்திரையோடு நம்மிடமே திரும்பி வந்தது.

உப்பைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணில் ஒரு சபலம் எழும். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜிதான் 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரையை நடத்திச் சென்றவரும் அவரே. அந்த யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர். கடலே இல்லாத இந்த ஊர்கள் உப்புப் போராட்டத்துக்குத் தலைவரையும் பாட்டையும் தந்திருக்கின்றன. இதை வைத்து, வெள்ளைக்காரனின் உப்பு வரியால்தான் ஏழைகள் மூக்கைக் கழுவும் வழக்கத்தையே இழந்தார்கள் என்று எழுதினால் கட்டுரை எவ்வளவு எடுப்பாக முடியும்! ஆனால் கணக்கு ஒத்துழைக்கவில்லை. 1930இல் உப்பு வரி மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். மணங்கு ஏறத்தாழ 37 கிலோ. கால் லிட்டர் நீருக்கு இரண்டேகால் கிராம் உப்பு வேண்டும். தினமும் ஒரு தடவை கழுவினால் வருடத்துக்கு ஏறக்குறைய 820 கிராம். அதற்குரிய வரி அரையணாவுக்கும் குறைவு. மாட்டுக்கும் கஞ்சிக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பு வாங்கிய குடும்பத்தை வரி வாட்டியது, அது உண்மை. களர்மண்ணைக் கரைத்து வடித்து உப்புக் காய்ச்சிப் பிழைத்த உள்நாட்டுக் குடிகளின் தொழிலைச் சென்னை மாகாண அரசு 1880களில் ஒடுக்கியது, அதுவும் உண்மை. மூக்கைக் கழுவாததற்கு வரி காரணமன்று. 1947 ஏப்ரலில் வரி போன பிறகும் நெடுங்காலம் இங்கே யாரும் குவளையும் கையுமாக உட்கார்ந்துவிடவில்லை.

தடை நீரில் இருந்தது. இங்கேதான் முன்னோர் வாக்கியம் வெறும் மிகை என்ற நிலையைக் கடந்து ஆபத்தாகிறது.

குடிக்கத் தகுந்த நீர் மூக்குக்கும் தகுந்தது என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா உண்டு. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் உச்சி வரை ஏறினால் மணநரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் போய்விடும். போனபின் பிழைப்பவர் மிகச் சிலர். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இருவர் இவ்வாறு இறந்தார்கள். இருவரும் குழாய்நீரைக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியவர்கள். கராச்சியில் 2008க்கும் 2009க்கும் இடையில் கண்டறியப்பட்ட 13 நோயாளிகளில் பெரும்பாலோர் நீச்சலுக்குப் போகாதவர்கள். ஒளுவின்போது மூக்கில் ஏறிய நீர்மீது மருத்துவர்களின் சந்தேகம் விழுந்தது. 2024லும் 2025லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலுக்குக் குழந்தைகள் உட்படப் பலர் பலியானார்கள். குளங்களும் கிணறுகளும் விசாரணைக்கு உள்ளாயின. நோய் அபூர்வமானது, பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால் தடுப்பது இவ்வளவு எளிதாக இருக்கையில் அபூர்வம் என்பதை ஒரு சமாதானமாக ஏற்க முடியாது. நீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்தினால் போதும். நாம் கலக்கும் உப்பு அதைக் கொன்றுவிடும் என்று நம்புவதற்கில்லை. கேன் தண்ணீரும் வடிகட்டி நீரும் கொதிநீருக்கு ஈடாகா.

இந்த ஊரின் நீரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, பின்னர் காவிரி நீர் குழாய்களில் வருவதற்கு முன் இங்கே நீர் என்பது கிணறும் ஏரியும்தான். இன்றும் வீட்டில் இரண்டு குழாய்கள்: ஒன்றில் சில நாட்களுக்கு ஒருமுறை காவிரி, மற்றதில் எப்போதும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதுதான் உப்பாயிருக்கிறதே, அதையே மூக்கில் விடலாமே என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. அதன் கரிப்பு சுண்ணாம்பும் மக்னீசியமும் இன்னும் பலவும் கலந்த கரிப்பு. அளவும் வேறு, தூய்மையும் வேறு. காவிரி நீரோ நாள்கணக்கில் தொட்டியில் தேங்கிக் கோடையில் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. விறகைச் சுள்ளி சுள்ளியாக எண்ணிச் செலவழித்த வீட்டில், மூக்குக்கென்று ஒரு குவளை நீரைத் தனியே கொதிக்கவைத்திருப்பார்கள் என்று நம்மால் நம்ப முடியவில்லை. பழையவர்கள் மூக்கில் நீர் ஏறுவதை வெறுத்ததில் அறிவு இருந்ததோ என்றுகூடத் தோன்றுகிறது. கொதிக்காத குளத்து நீரைப் பொறுத்தவரை அந்த வெறுப்பு சரியானதே.

கழுவினால் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் அடக்கமாகத் தலையசைக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 76 சைனஸ் நோயாளிகளை வைத்து ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2002இல் வந்தது. தினமும் உப்புநீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்தது, மருந்துத் தேவையும் குறைந்தது. எடின்பரோவில் செய்த சிறிய முன்னோட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. சளிப் பிடித்தவுடன் உப்புநீரால் மூக்கைக் கழுவி வாயும் கொப்பளித்தவர்களுக்கு ஜலதோஷம் ஏறத்தாழ இரண்டு நாள் முன்னதாகவே விட்டது. நாட்பட்ட மூக்கழற்சிக்கு இன்று மருத்துவர்கள் முதல் வரிசையில் வைக்கும் யோசனைகளில் ஒன்று இது. உப்புக்கு ஏதோ மந்திர சக்தி என்பதன்று. கெட்டியான சளியும் தூசியும் ஒவ்வாமைத் துகள்களும் நீரோடு போகின்றன, அவ்வளவே. கடையில் விலை கூடிய இந்துப்பைத் தேடவேண்டியதில்லை. அது பாகிஸ்தான் பஞ்சாபின் மலையுப்பு, மூக்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. சாதாரணத் தூளுப்பே போதும். எரிந்தால் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. கல்லுப்பு எடுத்தால் மண்ணை வடிகட்ட வேண்டும்.

இனி அந்த ரிக் வண்டித் தொழிலாளிக்கு வருவோம். மாலையில் கொதித்தாறிய உப்புநீரால் அவர் மூக்கைக் கழுவினால் மூக்கில் தங்கிய தூசி போகும், இரவு மூச்சு சீராகும், தூக்கம் வரும். நல்லது. ஆனால் நுரையீரலைக் கெடுக்கும் பாறைத்துகள் மூக்கில் தங்குவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்நுண்பொடி காற்றோடு நேரே கீழே இறங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சிலிகோசிஸ் ஆகிறது. அதைத் தடுப்பது, துளையிடும்போது நீரைப் பாய்ச்சித் தூசியை எழாமல் அடக்குவதும், தரமான முகக்கவசம் கொடுப்பதும்தான்; இரண்டும் முதலாளியின் செலவு. குவளை தொழிலாளியின் செலவு. முன்னோர் வைத்தியம் இருக்கிறது என்று சொல்லிக் குவளையை மட்டும் அவர் கையில் கொடுப்பது சிலருக்கு வசதியாகிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். பஞ்சுத் தூசிக்கும் வெள்ளைக்கல் தூசிக்கும் இதேதான்.

வீடுகளில் மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது, அதுவும் யோகா வகுப்பின் வழியாக அல்ல. கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் மருத்துவர் இன்று ஒரு சிறு குப்பியை எழுதித்தருகிறார். எண்ணெய்க் கிண்ணம் இருந்த மாடத்தில் இப்போது அந்தக் குப்பி இருக்கிறது. பாலூட்டுவதற்கு முன் குழந்தையை மடியில் கிடத்தி, நாசிக்கு இரண்டு சொட்டு விட்டு, சளி இளகியதும் மெல்லிய துணியால் துடைத்துவிடுகிறார் அமுச்சி, ஊதுவதில்லை. குப்பியின் மேல் சோடியம் குளோரைடு 0.65 சதம் என்று அச்சிட்டிருக்கிறது. அவர் அதை உப்புத் தண்ணி என்றுதான் சொல்கிறார்.